வெள்ளிமலையில் தோற்றதற்கு யார் காரணம்

வெள்ளிமலையில் தோற்றுவிட்டுக் கீழே இறங்கும்போது வேனில் யாரும் வாயைத் திறக்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் ஒருவர்மேல் ஒருவர் சாய்வதும் நிமிர்வதுமாக வந்தோம். கச்சிராயபாளையம் தாண்டியதும் ஒருவர் இருமினார், அவ்வளவுதான். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே நாங்கள் வழக்கமாகக் கூடும் டீக்கடை வாசலில் இறங்கி, டீ கிளாஸ் கைக்கு வந்தபிறகுதான் பேச்சு ஆரம்பித்தது. ஆரம்பித்தது நிற்கவில்லை. ஆட்டம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது, யாரால் தோற்றோம் என்கிற விசாரணை ஒரு மாதத்துக்குமேல் ஓடியது.

நான் ஆட்டக்காரன் இல்லை. மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். நான் உதைத்தால் பந்து எந்தப் பக்கம் போகும் என்று எனக்கும் தெரியாது, பந்துக்கும் தெரியாது. ஆனால் எங்கள் ஊர் அணி எங்கே ஆடினாலும் கடை முதலாளியிடம் ஏதோ ஒரு உறவுக்காரரைச் சாகக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். என்னைப்போல் ஒரு கூட்டமே இருந்தது. உலகக் கோப்பை ஆட்டங்களை டிவியில் பார்க்கக் கிடைத்த புதிது. எந்த நாட்டு ஆள் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே திருத்திக்கொண்டிருந்த கூட்டம் அது. சொந்த ஊர் அணியைச் சும்மா விடுவோமா.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எந்த நாளில் எந்தச் சாலையில் புளியமரம் குறுக்கே கிடக்கும் என்று சொல்ல முடியாது. கேட்டவர்கள் எங்கள் பக்கத்தில் எண்ணிக்கையில் ஜாஸ்தி, சர்க்கார் வேலையில் கம்மி. என் குடும்பம் வேறு பிரிவு. எங்கள் வீட்டில் அந்தப் போராட்டத்தைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆனால் டீக்கடையில் அந்தப் பேச்சே வராது. பந்து பேசுகிற இடத்தில் பந்து மட்டும்தான் என்று யாரும் சொல்லி வைக்காமலே ஒரு பழக்கம் இருந்தது.

அணிக்குக் கேப்டன் ஜவுளிக்கடை பாய். முப்பதைத் தாண்டியவர், வயிறு லேசாக எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது, ஆனாலும் நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பந்து, வலை, வேன் எல்லாம் அவர் பொறுப்பு. கோல் கீப்பர் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ரிஷிவந்தியம் போகும் வழியில் ஒரு கிராமம், தினமும் சைக்கிளில் வந்து போவார். மறியல் செய்துகொண்டிருந்தவர்களின் பிரிவைச் சேர்ந்தவர். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆட்டம் நடக்கும்போதே, வலைக்குப் பின்னால் நிற்கும் எங்களோடு திரும்பிப் பார்க்காமல் பேசிக்கொண்டிருப்பார். "இப்ப அந்தச் செவப்பு சட்டக்காரன் ரைட்ல அடிப்பான் பாரு" என்பார். அவன் ரைட்டில் அடிப்பான், இவர் அங்கே படுத்துக் கிடப்பார்.

வெள்ளிமலைக்குப் போன அன்று காலையில் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே சாலையில் மரம் கிடந்தது. மரத்தின்மேலும் ஓரத்திலும் ஆட்கள். டிரைவர் வண்டியைத் திருப்ப இடம் பார்த்தார். கீப்பர் கதவைத் திறந்து இறங்கிப் போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க போறீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"மலைக்கு. மேட்ச் கீது."

"நாங்க இங்க பசங்க வேலைக்கோசரம் ரோட்ல குந்திக்கினு கீறோம். நீ பந்தாடப் போறியா?"

"ஆடிட்டு வந்து குந்துறேன், வுடுங்க" என்றார் கீப்பர்.

அங்கே சிரிப்பு எழுந்தது. ஒரு பெரியவர் அவர் முதுகில் ஒன்று வைத்தார். நாலு பேர் சேர்ந்து கிளையை ஒரு பக்கமாக இழுத்து, வேன் உரசிக்கொண்டு போகிற அளவுக்கு வழி விட்டார்கள். வேனில் எல்லோரும் கீப்பருக்குக் கை தட்டினோம். உரக்கடை வைத்திருந்த என் மாமாவும் தட்டினார். மாமா என்றால் என் அக்கா புருஷர். எங்கள் கூட்டத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

வெள்ளிமலை மைதானம் என்பது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சரிவு. மலையில் சமமான இடம் கிடைத்தால் சாமை விதைப்பார்களே தவிரப் பந்துக்கா விடுவார்கள். கிழக்குப் பக்கம் மேடு, மேற்குப் பக்கம் பள்ளம். பள்ளத்தைத் தாண்டி ஒரு ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் அடுத்த மலை நிமிர்ந்து நிற்கும். டாஸில் பாய் ஜெயித்தார். ஜெயித்ததும் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் தாமாகவே கிழக்கு கோலை நோக்கி நடந்தார்கள்.

முதல் பாதி எங்களுடையது. சரிவில் பந்து எங்கள் காலுக்கு முன்னால் தானாக ஓடியது, ஒரு கோல் போட்டோம். கீப்பர் கண்ணுக்கு நேராக வெயில் அடித்தும் மலை அணியின் அடிகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியதும் எல்லாம் தலைகீழானது. மேட்டிலிருந்து அவர்கள் இறங்கி வந்த வேகத்தில் எங்கள் ஆட்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். மூன்று கோல். மூன்றாவதற்குக் கீப்பர் எழுந்துகூட நிற்கவில்லை, மண்ணில் உட்கார்ந்தபடியே பந்தை எடுத்துக் கொடுத்தார்.

டீக்கடை விசாரணையில் முதல் குற்றவாளி ரெஃப்ரி. அவர் மலைக்காரர், விசில் ஊதினார், ஊதவில்லை என்று முதல் கிளாஸ் டீ முடிந்தது. அடுத்தது பந்து. காற்று கம்மி என்று ஒருவர், ஜாஸ்தி என்று ஒருவர். போகும் வழியில் தின்ற பூரியைக்கூட ஒருவர் கூண்டில் ஏற்றினார். நான் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். தோற்ற வருத்தம் ஒரு பக்கம் இருந்தாலும், பழி என்பது ஒரு இடத்தில் நிற்காமல் ஆள் மாற்றி ஆள் மாற்றிப் போவதைப் பார்க்க எனக்கு எப்போதும் ஒரு ஆசை உண்டு. கடைசியில் அது கீப்பரிடம் வந்தது. அதிலும் தப்பில்லை. கோல் விட்ட கீப்பரைத் திட்டாமல் யாரைத் திட்டுவது. அவரும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "ரெண்டாவது கோலு நான் புடிச்சிருக்கணும்" என்று ஒத்துக்கொண்டார்.

அப்போதுதான் மாமா சொன்னார். "காலைல மரத்தாண்ட அவங்க ஆளுங்ககிட்ட நின்னு பேசிக்கினு இருந்தான் இல்ல, அப்பவே அவன் மனசு நம்மகிட்ட இல்ல. நாம ஜெயிச்சா அவங்களுக்கு இன்னா, தோத்தா இன்னா."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "மாமா, அவரு எறங்கிப் பேசலன்னா நாம மலைக்கே போயிருக்க மாட்டோம்" என்றேன்.

"போவாம இருந்திருந்தா தோத்திருக்கவே மாட்டோமே மச்சான்" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நியாயம் பேசப் போனவன் வாயை ஒரு கிண்டல் அடைத்துவிட்டது. சிரிப்பு அடங்கிப் பார்த்தபோது கீப்பரின் கிளாஸ் பெஞ்சின்மேல் பாதி டீயோடு இருந்தது. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்.

மறுநாள் அவர் பயிற்சிக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவர் வராததையே சாட்சியாக வைத்து விசாரணை மும்முரமானது. "குத்தம் பண்ணவன்தான் மூஞ்ச மறைப்பான்" என்றார் ஒருவர். எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்து முதல்முறையாகப் பந்துப் பேச்சில் மறியலும் மரமும் வந்து உட்கார்ந்துகொண்டன. எலவனாசூர்கோட்டை அணியோடு எங்கள் ஊர் மைதானத்தில் அடுத்த ஆட்டம் இருந்தது. அதற்குள் அவரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. அந்த ஆட்டத்தில் அவர் நிற்கவில்லை என்றால் அதற்கப்புறம் எப்போதும் நிற்கமாட்டார் என்று தோன்றியது. அவரைக் கொண்டுவர ஒரே வழி, தோல்விக்கு உண்மையில் யார் காரணம் என்று கண்டுபிடித்து எல்லோர் முன்னாலும் வைப்பது என்று நினைத்தேன். அந்த வயதில் அப்படித்தான் நினைப்பு ஓடும்.

எல்லோரையும் கேட்டாயிற்று. கேட்காமல் விட்டது ஜெயித்தவர்களை மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஏறி மறுபடி வெள்ளிமலைக்குப் போனேன்.

மலை அணியின் கேப்டனைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. ஜீப்கள் நிற்கும் இடத்தில் நாலைந்து ஆட்டக்காரர்களோடு நின்று சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கிட்டே போய்க் கேட்டால், முதல் பாதியில் அவர்கள் வாங்கிய அந்த ஒரே கோலுக்கு யார் காரணம் என்று இன்னும் தகராறு. ஜெயித்தவர்கள் இவர்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பழி சொல்ல ஆள் தேடுவது தோற்றவர்களின் வேலை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "நீங்க டாஸ் ஜெயிச்சீங்க இல்ல?" என்றார். "ஜெயிச்சிட்டு, பள்ளத்துப் பக்கத்த ரெண்டாவது பாதிக்கு வெச்சிக்கிட்டீங்க. களைச்ச காலோட மேட்டுல ஏறி ஆடணும்னு நீங்களே கேட்டு வாங்கிக்கிட்டீங்க. இங்க யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க. எங்களுக்கு ஒண்ணும் புரியல, சரி, கீழ இருந்து வர்றவங்க ஏதோ திட்டம் வெச்சிருக்காங்கன்னு பயந்துட்டோம்."

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊர் மைதானம் பொட்டல் வெளி. கோல்கள் கிழக்கும் மேற்குமாக இருக்கும். சாயங்கால ஆட்டத்தில் கடைசி அரைமணி நேரம் மேற்கு வெயில் படுத்துக்கொண்டு வந்து, எதிரே நிற்கும் கீப்பரின் கண்ணைக் குருடாக்கிவிடும். அதனால் எங்களுக்கு ஒரே பாடம்தான். டாஸ் ஜெயித்தால் முதலில் கிழக்கு கோல். இரண்டாம் பாதியில் மேற்கு கோலுக்குப் போய், வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது. வருஷக்கணக்காக இதைச் செய்து செய்து, மலையிலும் போய் அதையே செய்திருக்கிறோம். அங்கே இரண்டாம் பாதி தொடங்கும்போதே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. இல்லாத வெயிலுக்குப் பயந்து, கண்ணுக்கு முன்னால் இருந்த சரிவைப் பார்க்காமல் விட்டோம். கள்ளக்குறிச்சிக்காரர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைப் பண்ணியிருக்க முடியாது என்று நினைத்தபோது ஒருபக்கம் பெருமையாகக்கூட இருந்தது.

பஸ்ஸில் மலை இறங்கும்போது அந்தச் சந்தோஷம் பாதி வழியிலேயே குறைந்துவிட்டது. டாஸ் போட்டது பாய். இதைக் கொண்டுபோய் டீக்கடையில் வைத்தால், கீப்பரைச் சொன்ன வாய் பாயைச் சொல்லும். அவங்க ஆளுங்க என்று ஆரம்பித்த பேச்சு, வேறொரு தெருப்பக்கம் விரல் நீட்டும். அதற்கு நான் காரணமாக வேண்டுமா என்று பயமாக இருந்தது. நேரே ஜவுளிக்கடைக்குப் போய் அவரிடமே சொன்னேன்.

பாய் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை மடிப்பதை நிறுத்தவில்லை. முடித்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அத்த நான் யோசிக்கவே இல்ல பாரு. கால் தானா கெழக்கால போச்சு. சாயங்காலம் டீக்கடைக்கு வா, சொல்லிடலாம்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது, அவர்மேல் மரியாதை கூடியது.

சாயங்காலம் டீக்கடையில் எல்லோரும் இருந்தார்கள். பாய் நின்றபடியே சொன்னார். "நாம தோத்ததுக்குக் கீப்பர் காரணம் இல்ல. நான்தான். டாஸ்ல தப்பான பக்கம் எடுத்துட்டேன்." வெயில், சரிவு, மலைக்காரர் சொன்னது எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார்.

எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். முடித்ததும் மாமா எழுந்து பாயின் தோளில் கை வைத்தார். "பாய், இந்த மனசு யாருக்கு வரும். ஒருத்தன் பண்ண தப்பத் தூக்கி ஒங்க தலமேல போட்டுக்கிறீங்களே" என்றார்.

"இல்லங்க, நெசமாவே நான்தான்."

"சரிங்க பாய், வுடுங்க. ஒங்க கொணம் எங்களுக்குத் தெரியாதா."

எல்லோரும் தலையாட்டினார்கள். பாய் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பழியை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு மனிதர் கையை நீட்டுகிறார், தர மாட்டோம் என்கிறது ஊர். அன்றைக்குக் கீப்பரின் பழி முன்னைவிட ஒரு படி கூடித்தான் போனது. நல்ல மனிதரான பாயைப் பொய் சொல்ல வைத்த குற்றமும் அவர் கணக்கில் சேர்ந்தது.

மறுநாள் மத்தியானம் நானும் பாயும் மண்டிக்குப் போனோம். மக்காச்சோளம் வந்திறங்கும் சமயம், முற்றம் முழுக்க மூட்டைகள். கீப்பர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். பாய் டாஸ் விஷயத்தைச் சொல்லி, "என் தப்புப்பா. நீ வரணும்" என்றார்.

"அட, ஆமாம் பாய். வெயிலே இல்ல அங்க" என்றார் கீப்பர். அவருக்கும் அதுவரை தோன்றவில்லை. ஆர்வமாகி, எந்தப் பக்கம் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கையால் காற்றில் கோடு போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார். வந்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"அப்ப ஞாயித்துக்கெழம வரீங்கதானே?" என்றேன்.

அவர் கை நின்றது. "இல்லப்பா. கோலு வுட்டதுக்குத் திட்டுனா, அடுத்த மேட்ச்ல புடிச்சிக் காட்டலாம். பொறந்ததுக்குத் திட்டுனா இன்னாத்தப் புடிக்கிறது?"

கோபமாகச் சொல்லவில்லை. என்னிடமிருந்து நிஜமாகவே பதில் எதிர்பார்க்கிறவர்போல முகத்தைப் பார்த்தார். பாய்தான் சமாளித்து, "நான் சொல்லி வெக்கிறேன், நீ வா" என்றார். "பாக்கலாம் பாய்" என்றுவிட்டு அவர் மூட்டைக்குத் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை நான் மைதானத்தின் நுழைவாயிலிலேயே நின்றேன். ஒவ்வொரு சைக்கிளாகப் பார்த்தேன். டாஸ் போடும்வரை வரவில்லை. அவர் இடத்தில் ஒரு கல்லூரி மாணவனை நிறுத்தினார்கள். டாஸ் எங்களுக்கு விழுந்தது, எங்கள் ஆட்கள் கிழக்கே நடந்தார்கள். எலவனாசூர்கோட்டை கீப்பர் இரண்டாம் பாதி முழுக்கக் கையைக் கண்ணுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு கோல் போட்டு ஜெயித்தோம். எங்கள் புதுக் கீப்பர் பக்கம் பந்து வந்ததே குறைவு. ஆட்டம் முடிந்ததும் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள்.

நாங்கள் ஜெயித்ததற்காக எனக்கு வயிறு எரிந்தது அன்று ஒருநாள்தான். இனி யாரும் எதையும் விசாரிக்கத் தேவையில்லை. ஆளை மாற்றினோம், ஜெயித்தோம், தீர்ப்பு எழுதியாயிற்று.

மாமா சந்தோஷமாக என் பக்கம் வந்து, "பாத்தியா மச்சான்?" என்றார்.

என்னால் அடக்க முடியவில்லை. "இன்னாத்தப் பாக்குறது? இன்னைக்கு ஜெயிச்சதும் வெயிலால, அன்னைக்கு தோத்ததும் வெயிலால. பாய் வாயால சொன்னாரு. நீங்கதான் நம்பல" என்று கத்தினேன்.

மாமா சுற்றிலும் பார்த்துவிட்டு என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நம்பலன்னு யாரு சொன்னது? அன்னைக்கு மலைல வெயில் மறஞ்சப்பவே எனக்குத் தெரியும், பாய் தப்புப் பண்ணிட்டாருன்னு. இன்னும் ரெண்டு மூணு பேருக்கும் தெரியும்."

"அப்பறம் ஏன் மாமா?"

"பாய சொன்னா மனசு ஒடஞ்சிடுவாரு, அத்தோட டீம் போச்சு. ரெஃப்ரிய சொன்னா மலைக்காரங்க அடுத்த வாட்டி கூப்ட மாட்டாங்க. தோத்தா யார் மேலயாவது போட்டாத்தானே ஆறும்? அவன் மூட்ட தூக்கறவன். தாங்கிக்குவான்னு பாத்தோம்."

அவர் அதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, கெட்ட எண்ணத்தோடும் சொல்லவில்லை. கோடையில் மோட்டார் எந்தக் கிணற்றுக்கு வைப்பது என்று யோசித்து முடிவு செய்ததைப்போலச் சொன்னார். சொல்லிவிட்டு என் தோளைத் தட்டி, டீ குடிக்கக் கூப்பிட்டார். நான் போகவில்லை.

கீப்பர் அதன்பிறகு மைதானத்துக்கு வரவில்லை. மருந்துக்கடைக்கு வருவார், தோள்வலிக்கு எண்ணெய் வாங்குவார், என்னை நலம் விசாரிப்பார். ஆட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கேட்டுவிடுவாரோ என்று எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் பயமாக இருக்கும். ஏன் அவர்மேல் போட்டார்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும், கேட்டால் அவரிடம் சொல்லவேண்டியிருக்கும்.